தறிக்குழியும் கொசுவும்: வீட்டிலேயே செய்துகொள்ளும் காப்பு முறைகள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நாற்புறமும் நோக்குவோர்க்கு இவ்வூரின் செல்வம் யாது என்பது உடனே விளங்கும். வடக்கே காவிரி, அதற்கப்பால் திருவரங்கத் தீவு, அதற்கும் அப்பால் கொள்ளிடம். மேற்கே பண்டைச் சோழர் தலைநகராய் விளங்கிய உறையூர். தெற்கே, பேட்டைவாய்த்தலைப் பக்கம் காவிரியினின்று பிரிந்து நகரின் ஊடே ஓடிவரும் உய்யக்கொண்டான் வாய்க்கால். மலையின் அடிவாரத்திலேயே தெப்பக்குளம். நீரே இவ்வூரின் செல்வம். நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் இந்நீரால் செழிக்கின்றன. நூலை ஊறவைக்கவும், பாவுக்குக் கஞ்சி போடவும், சாயம் தோய்க்கவும் நெசவாளர்க்கும் இந்நீரே வேண்டும்.

ஆயினும் நீர் தேங்கும் இடமெல்லாம் கொசுவுக்கும் உறைவிடமாகிறது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உழவர் குடும்பமும் நெசவாளர் குடும்பமும் ஒருங்கே படும் துன்பம் இது. இதற்கு நம் இல்லங்களிலேயே, நம் கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டு செய்துகொள்ளத்தக்க காப்பு முறைகள் எவை, அவை எவ்வளவு பயன் தரும், எங்கே பயன் தரா என்பவற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காய்ச்சலும் கூலியும்

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்லும் நமக்கு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் உற்பத்திப் பதிவேடு தவறாமல் ஒரு செய்தியைச் சொல்லும். வழக்கமாக வாரந்தோறும் துணி கொண்டுவந்து ஒப்படைக்கும் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே இரண்டு வாரம் வெறுமையாக இருக்கும். காரணம் கேட்டால், 'காய்ச்சல்' என்ற ஒரு சொல்லே விடையாக வரும். நெசவாளர்க்கு மாதச் சம்பளம் இல்லை. நெய்த துணிக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. தார் சுற்றும் இல்லத்தரசி படுத்துவிட்டாலும் தறி நிற்கும். மருத்துவச் செலவு ஒரு பக்கம், இழந்த கூலி மறுபக்கம், இவற்றிடையே கடன் தவணை வேறு. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளில் படுத்த உழவரின் நிலையும் இதுவே. ஆதலின் கொசுவை வெறும் தொல்லை என்று கருதாமல், குடும்ப வரவு செலவைப் பாதிக்கும் விஷயமாகவே கருதவேண்டும்.

கைத்தறி நெசவாளர்க்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. குழித்தறியில் அமர்வோர் தம் இரு கால்களையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்க வேண்டும். அக்குழி இருண்டது, மழைக் காலத்தில் ஈரம் கசிவது, காற்றோட்டம் அற்றது. பகற்பொழுதில் கொசு ஒளிந்திருக்க விரும்பும் இடத்தின் இலக்கணம் முழுவதும் அதற்குப் பொருந்தும். கைகள் நாடாவிலும் பலகையிலும் ஓயாது இயங்க, கண்கள் பாவின்மேல் நிலைத்திருக்க, கால்கள் மட்டும் குழிக்குள் கொசுவுக்கு இரையாகின்றன. அடித்து விரட்டக் கை ஒழியாது.

கொசுவின் வகையறிதல்

கொசு அனைத்தும் ஒன்றே என எண்ணுவோர் பலர். காப்பு முறை பயன்பட வேண்டுமாயின் வகையறிதல் இன்றியமையாதது. நம் பகுதியில் கவனிக்கற்பாலன மூன்று.

முதலாவது, ஈடிஸ். கரிய உடலில் வெண்ணிறப் பட்டைகள் உடையது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதுவே. சாக்கடையை இது நாடாது. குடத்திலும் தொட்டியிலும் நாம் சேமித்து வைக்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடும். பகலில் கடிக்கும், காலையிலும் மாலைக்கு முன்னரும் மிகுதியாகக் கடிக்கும். தறிக்குழியில் பகலில் காலைக் கடிப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கக்கூடும். சென்னையில் 1964ஆம் ஆண்டில் சிக்குன்குனியா பெருவாரியாகப் பரவியது. பல்லாண்டுகள் மறைந்திருந்து, 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் மீண்டும் தலைதூக்கியது. மூட்டுவலியால் நெசவாளர் மாதக்கணக்கில் மிதி மிதிக்க இயலாமற்போவதற்கு இந்நோய் ஒன்றே போதும்.

இரண்டாவது, கியூலெக்ஸ். இதில் ஒரு வகை சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டையிலும் பெருகி, இரவில் கடித்து, யானைக்கால் நோயைப் பரப்பும். மற்றொரு வகை நெல் வயலில் தேங்கும் நீரில் வளர்ந்து மூளைக்காய்ச்சலைப் பரப்பும். நம் நாட்டில் அம்மூளைக்காய்ச்சல் முதன்முதல் கண்டறியப்பட்டது 1955ஆம் ஆண்டில் வேலூர்ப் பகுதியில்தான்.

மூன்றாவது, அனாபிலிஸ். மலேரியாவைப் பரப்புவது. நகரங்களில் கிணறுகளையும் மேல்நிலைத் தொட்டிகளையும் நாடும். மலேரியாவின் நுண்ணுயிர் கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் கண்டறிந்தார் என்பது யாவரும் அறிந்ததே.

இம்மூன்றிலும் கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர்ச்சிக்கு அதற்குக் குருதி வேண்டும். நம் மூச்சுக்காற்றும் உடல் மணமும் வெப்பமும் அதற்கு வழிகாட்டுகின்றன. மணமுள்ள எண்ணெயோ புகையோ செய்வது அவ்வழியைக் குழப்புவது ஒன்றே. அவை கொசுவைக் கொல்வதில்லை. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், வீட்டு முறைகளின் பயனும் எல்லையும் எளிதில் விளங்கும்.

வேப்பெண்ணெய்ப் பூச்சு

செய்முறை மிக எளிது. சுத்தமான தேங்காயெண்ணெய் கால் லிட்டர், அதாவது 250 மில்லி எடுத்துக்கொள்க. அதில் நல்ல வேப்பெண்ணெய் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு விட்டுக் குலுக்குக. நூற்றுக்கு இரண்டு பங்கு என்னும் அளவு இது. அடுப்பில் ஏற்ற வேண்டுவதில்லை. வெயில் படாத இடத்தில், மூடியிட்ட புட்டியில் வைத்துக்கொண்டு, பயன்படுத்துமுன் ஒரு முறை குலுக்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு நாம் கற்பித்ததன்று. தில்லியிலிருந்த மலேரியா ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த வி. பி. சர்மாவும் அவருடன் பணியாற்றியோரும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இவ்வளவில் கலந்த எண்ணெயைப் பூசியவர்க்கு அனாபிலிஸ் வகைகளிடமிருந்து 12 மணி நேரம் வரை முழுக்காப்புக் கிடைத்ததாகக் கூறினர். மற்ற வகைக் கொசுக்களிடம் காப்பு அதனினும் குறைவாகவே இருந்தது. பிறர் செய்த சோதனைகள் யாவற்றிலும் இத்துணை நீண்ட காப்புக் கிட்டவில்லை. ஆதலின் ஒரு முறை பூசி நாள் முழுதும் கவலையற்றிருக்கலாம் என்று எண்ணலாகாது. மூன்று அல்லது நான்கு மணிக்கு ஒரு முறை மீண்டும் பூசுதல் நலம்.

அளவை மிகுத்தால் பயனும் மிகும் என்று கருதி வேப்பெண்ணெயைக் கூட்டுவோர் உளர். அது தோலில் எரிச்சலையும் தடிப்பையும் உண்டாக்கலாம். முதன்முறை பூசுவோர் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, அரிப்பு இல்லையெனில் பின்னர்க் காலுக்குப் பூசிக்கொள்க. கைக்குழந்தைகளுக்குப் பூச வேண்டா. அவர்களுக்குக் கொசுவலையே தக்க காப்பு. மற்றொன்றும் அழுத்திக் கூற விரும்புகிறோம். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு வாய்வழி புகட்டும் வழக்கம் சில இல்லங்களில் இன்னும் உள்ளது. இதனால் சிசுக்களுக்கு வலிப்பும் உயிருக்கே இடரும் நேர்ந்ததுண்டு. பூச்சுக்கென வைத்த புட்டி குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது.

நொச்சித் தைலம்

மதிலைக் காக்கும் வீரர் நொச்சிப் பூச் சூடுவர் என்பது பண்டைப் புறப்பொருள் இலக்கணம். கோட்டையைக் காத்த பூவின் செடி இன்று இல்லத்தைக் காக்கவும் துணைபுரியும். வாய்க்கால் கரையிலும் வேலியோரத்திலும் செலவின்றிக் கிடைப்பது.

நொச்சியிலையைப் பறித்து நிழலில் உலர்த்திக்கொள்க. இரண்டு கைப்பிடி இலைக்குக் கால் லிட்டர் தேங்காயெண்ணெய் சேர்த்து, சிறு தீயில் இலை மொறுமொறுப்பாகும் வரை காய்ச்சி, ஆறியபின் வடிகட்டிப் புட்டியில் அடைக்கவும். எண்ணெய் புகைய விடலாகாது. அடுப்பை விட்டு அகலவும் கூடாது. இத்தைலத்தின் மணம் விரைவில் ஆறிவிடுமாதலால் இரண்டு மணிக்கு ஒரு முறை பூசிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் நம் கடமை. வாயிலில் நொச்சியோ துளசியோ நட்டுவிட்டால் கொசு வாராது என்று பலர் நம்புகின்றனர். செடியின் மணப்பொருள் இலைக்குள்ளே அடங்கியிருப்பது. இலையைக் கசக்கினாலோ காய்ச்சினாலோ எரித்தாலோ அன்றி அது போதிய அளவு வெளிப்படாது. செடி நடுவது நன்றே. ஆனால் நட்டதோடு நின்றுவிட்டால் பயனில்லை.

எலுமிச்சம்புல் எண்ணெய்

எலுமிச்சம்புல், சிட்ரோனெல்லாப் புல் ஆகியவற்றின் எண்ணெய்கள் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. நூறு மில்லி தேங்காயெண்ணெய்க்கு 5 மில்லிக்கு மேற்படாமல் கலந்து பூசலாம். மணம் இனியது, ஆனால் மிக விரைவில் ஆவியாகிவிடும். 2002ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஒப்பீட்டில், சிட்ரோனெல்லாப் பூச்சுகள் 20 நிமிடத்திற்கு மேல் காக்கவில்லை. 'டீட்' என்னும் இரசாயனப் பொருள் நூற்றுக்கு 24 பங்களவில் சேர்ந்த பூச்சு 5 மணி நேரம் காத்தது. ஆகவே மாலையில் திண்ணையில் சிறிது நேரம் அமர்வோர்க்கு இவ்வெண்ணெய் ஏற்றது. காய்ச்சல் பரவும் காலத்தில் நீண்ட நேரம் வெளியில் நிற்க வேண்டியவர், 'டீட்' சேர்ந்த பூச்சை அதன் மேலுறையிற் கண்டவாறு பயன்படுத்துதலே அறிவுடைமை. இயற்கைப் பொருள் என்பதற்காக வலிமையற்றதை நம்பி நோயுறுதல் வேண்டா.

துணியில் கறை படியாதிருக்க

உறையூரில் முதிய நெசவாளர் ஒருவரிடம் இப்பூச்சினைப் பற்றிக் கூறியபோது, அவர் நகைத்து, "ஐயா சொல்வது சரிதான். எண்ணெய்க் கையோடு பாவைத் தொட்டால் சேலையில் கறை விழும். கறை விழுந்த சேலையைச் சங்கத்தில் எடுத்துக்கொள்வார்களா? கொசுக்கடியாவது இரண்டு நாளில் ஆறும். கூலியில் பிடித்தது திரும்பி வருமா?" என்று வினவினார். அவர் வினா நியாயமானது. ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லும் யோசனை நெசவாளர் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.

"பெரியவரே, கொசு கடிப்பது கையையா, காலையா?" என்று நாம் கேட்டோம். "காலைத்தான்" என்றார். அங்கேயே வழியும் இருக்கிறது. தறியில் அமர்வதற்குக் கால் மணி முன்னதாகவே, முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மட்டும் எண்ணெயைப் பூசிக்கொள்க. துணி சுருளும் படிமரம் மடியருகே இருப்பதால் தொடையில் பூசலாகாது. பூசியபின் கைகளைச் சோப்பிட்டு நன்கு கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, அதன்பின்னரே நூலைத் தொடுக. மீண்டும் பூச வேண்டிய வேளையை உணவுக்கு எழும் நேரத்தோடு பொருத்திக்கொண்டால் வேலை தடைப்படாது. முழு நீளக் காற்சட்டை அணிந்து மிதிப்பதும் நல்ல காப்பே.

குழியையும் கவனித்தல் வேண்டும். வேலை முடிந்ததும் குழியின் வாயைப் பலகையால் மூடுக. வாரத்துக்கு ஒரு முறை பெருக்கி, நூற்கழிவையும் பஞ்சுத் தூசியையும் அகற்றுக. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் இருள் குறையும். இருள் குறைந்தால் கொசு தங்குவதும் குறையும். மின்சாரம் உள்ள இல்லங்களில் சிறு விசிறி ஒன்றைக் குழியை நோக்கி வைத்தல் மிக்க பயன் தரும். ஓடும் காற்றை எதிர்த்துப் பறக்கும் வலிமை கொசுவுக்கு இல்லை. காற்று பாவின்மேல் படாதவாறு விசிறியைத் தாழ வைத்துக்கொள்க.

புகை மூட்டம்

வேப்பிலை, நொச்சியிலை ஆகியவற்றை உலர்த்தித் தணலிலிட்டு மாலையில் மூட்டம் போடுவது நம் முன்னோர் வழக்கம். மாட்டுக் கொட்டகைக்கும் களத்துமேட்டுக்கும் இது ஏற்றது. புகையிருக்கும் வரை கொசு விலகியிருக்கும். புகை கலைந்ததும் திரும்பிவரும்.

வீட்டினுள் மூட்டம் போடுவதை நாம் பரிந்துரைக்கவில்லை. இலைப்புகையாயினும் புகை புகையே. நுரையீரலுக்கு அது வேறுபாடு அறியாது. கடையில் விற்கும் கொசுவர்த்திச் சுருளொன்று எரிந்து முடியும்போது வெளிப்படும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்கு ஒப்பானது என 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கைக்குழந்தை, கருவுற்ற பெண், ஆஸ்துமா உடையவர் இருக்கும் அறையில் எவ்வகைப் புகையும் ஆகாது.

தறிக்கூடத்தைப் பொறுத்தவரை இது முற்றிலும் விலக்கத்தக்கது. நூற்கட்டும் பஞ்சுத் தூசியும் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். மண்ணெண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு வேப்பெண்ணெய் கலந்து விளக்கெரிப்பதும் கொசுவைக் குறைக்கும் என்று சோதனைகளில் தெரியவந்துள்ளது. எனினும் தறியருகே திறந்த சுடரை ஏற்றுதல் பெருந்தவறு. சங்கத்தின் நூல் எரிந்தால் அங்கத்தினரின் கடன் எரிந்துபோவதில்லை.

வாரம் ஒரு நாள்

மேற்கூறியவை யாவும் வந்த கொசுவை விலக்குவன. பிறக்கும் கொசுவைத் தடுப்பதே மூல வழி. இது பூச்சைவிட எளிது, செலவும் இல்லை.

முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் தேங்கிய நீரை வெளியேற்றினால் அத்தலைமுறை முழுவதும் அழியும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஈடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரிலேயே முட்டைகளை ஒட்டவைக்கும். அவை உலர்ந்த நிலையில் பல மாதம் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆதலின் தொட்டியையும் குடத்தையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

பல நெசவு ஊர்களில் அமாவாசையன்று தறி நிறுத்தும் வழக்கம் உண்டு. அன்று வீட்டைக் கழுவுவோரும் உளர். நல்ல வழக்கமே, ஆயின் ஓர் அமாவாசைக்கும் மறு அமாவாசைக்கும் இடையே கொசு மீண்டும் மீண்டும் பெருகிவிடும். வாரம் ஒரு நாள் என்பதை மாதம் ஒரு நாளாகச் சுருக்கலாகாது.

நெசவாளர் வீட்டில் நோக்க வேண்டியவை: நூல் ஊறவைக்கும் தொட்டி, சாயத் தோய்ப்புக்கென நிரப்பிவைத்த நீர், கொல்லையிலே கவிழ்க்காது விட்ட பானை, ஆட்டுக்கல்லின் குழி, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு. உழவர் தோட்டத்தில் நோக்க வேண்டியவை: பம்புசெட் தொட்டி, கொட்டாங்கச்சி, பழைய டயர், சொட்டுநீர்க் குழாய் கசிந்து நிற்கும் பள்ளம். வாழையின் மட்டை இடுக்கிலும் மழைநீர் தேங்கும். அதிலும் ஒரு வகை ஈடிஸ் வளரக்கூடும். காய்ந்த மட்டைகளை அவ்வப்போது அறுத்து அகற்றுதல் வாழைக்கும் நல்லது, வீட்டாருக்கும் நல்லது.

வடிக்க இயலாத கழிவுநீர்க் குட்டையில் வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிப் போடுவது புழுக்களைக் குறைக்கும். குடிநீரில் அதனை இடலாகாது. அதற்குச் சுகாதாரப் பணியாளர் அளவறிந்து ஊற்றும் அபேட் மருந்தே உரியது. வீடு வீடாக வரும் அப்பணியாளரை வாயிலிலேயே திருப்பியனுப்பாமல் தொட்டியைக் காட்ட வேண்டுகிறோம்.

வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் பயிரிடும் அங்கத்தினர்க்கு ஒரு நற்செய்தி. மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் 1990களில் அப்பகுதி நெல் வயல்களில் ஒரு சோதனை நடத்தினர். வேப்பம் புண்ணாக்கு ஏற்றிய யூரியாவை இட்டு, அதனோடு வயலில் இடைவிடாது நீர் நிறுத்தாமல் அவ்வப்போது வடியவிட்டனர். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் புழுக்கள் வெகுவாகக் குறைந்தன, விளைச்சலும் குறையவில்லை. நம் உழவர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று கூறும் முறையே இது. வயலுக்குக் காய்ச்சல் கொடுத்தால் வீட்டுக்குக் காய்ச்சல் வாராது எனலாம். நீரும் மிச்சமாகும்.

ஆயினும் ஒருவர் தம் வயலை வடியவிட்டு, மேல்வயற்காரர் நீரை நிறுத்திவைத்தால் பயனில்லை. ஒரே மடையில் நீர் பெறுவோர் யாவரும் முறை வகுத்துக்கொண்டு செய்தால்தான் இது நடக்கும்.

கொசுவுக்கு வேலி இல்லை

வீட்டு முறைகளின் எல்லையும் இங்கேதான் புலப்படுகிறது. ஈடிஸ் கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே உலவும். நம்மைக் கடிப்பது வேற்றூர்க் கொசு அன்று. நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததே. நாம் நம் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அண்டை வீட்டார் கழுவாவிடின் நம் உழைப்பு வீண். தெருவார் அனைவரும் ஒரே நாளில் செய்தால், ஒரே மாதத்தில் வேறுபாடு தெரியும். தனித்தனியே செய்து பயனில்லாததைக் கூடிச் செய்து பயன் காண்பதே கூட்டுறவு. தனியே நூல் வாங்கவும் துணி விற்கவும் இயலாத நெசவாளர் கூடித்தான் 1935ஆம் ஆண்டில், இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் தலைமைச் சங்கம் அமைந்தது.

கொசுவை எதிர்க்கவும் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன என்பதை நம் அங்கத்தினருள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். வங்காளத்தில் டாக்டர் கோபால் சந்திர சட்டர்ஜி என்னும் மருத்துவர், 1910களின் இறுதியில், கல்கத்தாவை அடுத்த பானிஹாட்டியில் மலேரியா எதிர்ப்புக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கிராமத்தார் சிறு சந்தா செலுத்தி, குட்டைகளைத் தூர்த்து, புதர்களை வெட்டி, தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் தெளித்து, கொயினா வழங்கினர். பின்னர் நூற்றுக்கணக்கான கிராமங்களில் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. அவற்றை இணைக்க ஒரு மத்திய சங்கமும் அமைந்தது. கவி இரவீந்திரநாத தாகூர் 1920களில் இச்சங்கத்தின் கூட்டத்தில் பேசி இம்முயற்சிக்கு ஆதரவளித்தார். அரசு வந்து செய்யட்டும் என்று காத்திராமல் கிராமத்தார் தாமே முன்வந்ததே இதன் சிறப்பு.

அரசு மருந்து மட்டுமே போதும் என்று நம்பியதன் விளைவையும் நாடு கண்டது. 1953இல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. டி.டி.டி. தெளித்ததால் 1965ஆம் ஆண்டளவில் நோயுற்றோர் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. கொசு அம்மருந்துக்குப் பழகியதாலும் கண்காணிப்புத் தளர்ந்ததாலும் 1976இல் அத்தொகை 64 லட்சத்தைக் கடந்தது. தெளிப்பு மருந்துக்குக் கொசு பழகிவிடும். கழுவி உலர்த்திய தொட்டிக்கு அதனால் பழக இயலாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

புதிய செலவு அதிகமின்றிச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க சில காரியங்களை நிர்வாகக் குழுவினரின் பார்வைக்கு வைக்கிறோம்.

புரட்டாசி பிறந்ததும் சங்கக் கட்டடத்தில் அங்கத்தினர் கூட்டம் ஒன்று கூட்டி, வாரத்தில் ஒரு நாளைத் தொட்டி கழுவும் நாளாகத் தீர்மானிக்கலாம். தெருவுக்கு இருவராகப் பொறுப்பேற்று, அன்று வீடுதோறும் சென்று பார்த்து வரலாம். குற்றங் கண்டு அபராதம் விதிப்பதைவிட, கவிழ்க்காத பானையைத் தாமே கவிழ்த்துவிட்டு வருவது நல்ல பயன் தரும்.

தேங்காயெண்ணெயையும் வேப்பெண்ணெயையும் சங்கம் மொத்தமாக வாங்கி, அளவாகக் கலந்து, அங்கத்தினர்க்கு அடக்க விலையில் வழங்குவது பற்றிச் சில இடங்களில் நம்மிடம் கேட்டனர். இங்கே ஓர் எச்சரிக்கை. கொசுவிரட்டியைத் தயாரித்து விற்பது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது; பதிவின்றி விற்றல் குற்றமாகும். ஆகவே கலந்த பூச்சை விற்க முயலாமல், இருவகை எண்ணெயையும் தனித்தனியே வாங்கி வழங்கி, கலக்கும் அளவை அச்சிட்டுக் கொடுப்பதே ஏற்றது. கலப்பது அவரவர் இல்லத்தில் நடக்கட்டும். கொசுவலைகளை மொத்த விலையில் வருவித்துத் தவணையில் கொடுப்பதும் மிக்க உதவியாகும்.

இறுதியாக, காய்ச்சல் கண்டபின் செய்ய வேண்டியது ஒன்று. எண்ணெயும் இலையும் கடிக்காமல் காப்பனவே அன்றி நோயைத் தீர்ப்பன அல்ல. டெங்குக் காலத்தில் காய்ச்சல் கண்டால் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குதல் ஆகாது; ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை குருதிப்போக்கை மிகுவிக்கும். மருத்துவரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. காய்ச்சல் தணிந்த உடனேயே கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதி, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் விட்டதென்று எண்ணித் தறியில் அமர்ந்துவிடும் அந்த ஒரு நாளே இந்நோயில் பெரிதும் அஞ்சத்தக்க நாள்.

வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி, தேங்காயெண்ணெய் கால் லிட்டர், வாரம் ஒரு நாளில் அரை மணி உழைப்பு: ஒரு குடும்பத்துக்கு வேண்டியது இவ்வளவே. ஒரு தெருவுக்கு வேண்டியது இவற்றோடு சேர்ந்த ஒற்றுமை. அடுத்த ஐப்பசியில் நாம் பதிவேட்டைப் புரட்டும்போது, அங்கத்தினர் பெயர்களுக்கு எதிரே வெறுமையான வாரங்கள் குறைந்திருக்கக் காண்போமாக.